கமாண்டர் மேசை நண்பர்களுக்கு: ஓட்டெடுப்பை நிறுத்துங்கள்



மேஜிக்: த கேதரிங் ஆடும் நம் மேசைகளில், அதுவும் நான்கு பேர் சுற்றி உட்காரும் கமாண்டர் மேசைகளில், ஒரு பழக்கம் வேர்விட்டிருக்கிறது. இரண்டு கார்டுகள் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசும். ஒருவர் "என் கார்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது, பாருங்கள்" என்பார். எதிரே இருப்பவரும் தன் கார்டைத் தூக்கிக் காட்டி அதையே சொல்வார். கொஞ்ச நேரம் சத்தம். பிறகு மூன்றாமவர், பஞ்சாயத்துப் பெரியவரின் தோரணையில், "சரி விடுங்கள், ஓட்டுப் போட்டுவிடலாம்" என்பார். கைகள் உயரும், ஆட்டம் தொடரும். அந்தக் கைகளைப் பற்றித்தான் இந்த மடல்.

ஓட்டுப் போடும் நால்வரும் அந்த ஆட்டத்தின் போட்டியாளர்கள் என்பதை ஏன் மறந்துவிடுகிறோம்? யார் முன்னால் கிரீச்சர்கள் குவிந்து கிடக்கின்றனவோ, அவரை இறக்குவதில் மற்ற மூவருக்கும் லாபம். முன்னிலையில் இருப்பவரை மற்றவர்கள் கூடி அடிப்பது கமாண்டரின் இயல்பு, அதன் சுவையும் அதுதான். கிரீச்சரை அனுப்பி அடியுங்கள், ஸ்பெல் போட்டு அடியுங்கள். விதியின் பொருளை மூன்றுக்கு ஒன்று என்று தீர்மானித்து அடிப்பது வேறு விஷயம். அதற்கு மனாகூடச் செலவில்லை. இதை நாலு தடவை பார்த்த புது ஆட்டக்காரர் கார்டை ஊன்றிப் படிப்பதை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலிக்காரரைச் சரிக்கட்டக் கற்றுக்கொள்கிறார். விதி சரியாகத் தெரிந்தும் குரல் எழாத ஒருவர் ஒவ்வொரு மேசையிலும் இருக்கிறார். அவர் வாயைத் திறப்பதையே நிறுத்திவிடுகிறார்.

இன்னொரு வருத்தமும் உண்டு. எந்த ஆட்டத்துக்கு ஓட்டெடுப்பு தேவைப்பட்டாலும் இதற்குத் தேவையில்லை. 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் இந்த ஆட்டம் வெளிவந்தபோது முந்நூற்றுக்கும் குறைவான கார்டுகளே இருந்தன. இன்று இருபதாயிரத்துக்கும் மேல். முழு விதித் தொகுப்போ இருநூற்றைம்பது பக்கங்களைத் தாண்டும். அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. 1994-இல் அச்சான ஒரு கார்டும் 2020-இல் அச்சான ஒரு கார்டும் என்றாவது ஒருநாள் ஒரே மேசையில் சந்திக்கும், அன்று விடை தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை பக்கங்கள். 2019-இல் அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பைடர்மேன், ஆஸ்டின் ஹெரிக் மூவரும் ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். மேஜிக் கார்டுகளை வைத்தே ஒரு ட்யூரிங் இயந்திரத்தை, அதாவது எந்தக் கணக்கீட்டையும் படிப்படியாகச் செய்யவல்ல கற்பனைக் கணினியை, அமைக்கலாம் என்று அதில் காட்டினார்கள். அங்கே ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்க எதுவுமே இருக்காது. ஒவ்வொரு அடியும் கட்டாயமாக அடுத்த அடிக்கு இட்டுச் செல்லும். அந்த அடிகளை ஆளும் விதிகளில் ஒரு இடத்தில் "இது ஆட்டக்காரர்கள் விருப்பம்போல்" என்று இடைவெளி இருந்திருந்தாலும் அந்த இயந்திரம் அங்கேயே நின்றுபோயிருக்கும்.

சண்டைகள் பெரும்பாலும் தவறான கேள்வியிலிருந்து பிறக்கின்றன. "இரண்டில் எந்தக் கார்டு வெல்லும்?" என்று கேட்கிறோம். எது விலை கூடியது, எது அரியது, எது பெரிய டிராகன் என்ற நினைப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. கேட்க வேண்டியது வேறு: இந்த இரண்டும் எந்த மாதிரி மோதுகின்றன? வரிசையில் காத்திருக்கும் இரண்டு செயல்களா? நடக்கப்போகும் ஒரே நிகழ்ச்சியை மாற்றப் பார்க்கும் இரண்டு குறுக்கீடுகளா? அல்லது மேசையில் கிடக்கும் பொருள் "என்னவாக இருக்கிறது" என்பதைப் பற்றிய இரண்டு கூற்றுகளா? மூன்றுக்கும் மூன்று சட்டம். முதலாவதன் சட்டத்தை மூன்றாவதற்குப் போட்டால் எவ்வளவு நேரம் வாதாடினாலும் விடை வராது.

இவற்றுக்கு முன்னால், எல்லோரும் அறிந்த பொன்விதியை விரைந்து சொல்லிவிடுகிறேன். கார்டும் விதிப்புத்தகமும் மோதினால் கார்டு சொல்வதே செல்லும். ஒரு கார்டு "செய்யலாம்" என்று சொல்லி இன்னொன்று "முடியாது" என்று சொன்னால், முடியாது என்பதே நிற்கும். பிளாட்டினம் ஏஞ்சல் உங்களிடம் இருக்கும்வரை நீங்கள் தோற்க முடியாது. டோர் டு நத்திங்னெஸ் பத்து மனா வாங்கிக்கொண்டு "இவர் தோற்றார்" என்று அறிவித்தாலும் முடியாதுதான். பத்து மனா செலவழித்தவர் பாவம் என்று யாரும் இரக்கப்பட்டு ஓட்டுப் போட வேண்டாம். அந்த ஏஞ்சலாலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு: நீங்களாகவே தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போவது.

வரிசையில் காத்திருப்பவற்றின் சட்டமும் உங்களில் பலருக்கு அத்துப்படி. 1999-இல் ஆறாம் பதிப்பு விதிகளோடு வந்த ஸ்டாக் அது. கடைசியில் ஏறியது முதலில் இறங்கும். ஆனால் இரண்டு பேருடைய ட்ரிக்கர்கள், அதாவது ஏதாவது நடந்தால் தானாக எழும் திறன்கள், ஒரே நொடியில் கிளம்பும்போது மட்டும் நம் மேசையில் தடுமாற்றம் வருகிறது. "என் டர்ன், அதனால் என்னுடையதுதான் முதலில்" என்று டர்ன்காரர் சொல்வார், மற்றவர்களும் தலையாட்டிவிடுவார்கள். பாதிதான் உண்மை. டர்ன்காரரின் ட்ரிக்கர் முதலில் ஸ்டாக்கில் *ஏறும்*. அதற்குமேல் மற்றவர்களுடையவை டர்ன் வரிசைப்படி ஏறும். ஆகவே அவருடையது கடைசியில்தான் நடக்கும். ஒரு கிரீச்சர் செத்தால் யாராவது ஒருவரின் லைஃபில் ஒன்றைக் குறைத்து, தன்னை வைத்திருப்பவருக்கு ஒன்று கூட்டுவது ப்ளட் ஆர்ட்டிஸ்ட். உங்களிடமும் எதிராளியிடமும் ஆளுக்கொன்று, இருவருக்கும் லைஃப் ஒன்று, டர்ன் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு கிரீச்சர் சாகிறது. எதிராளியின் ட்ரிக்கர் மேலே இருக்கிறது, அதுதான் முதலில் இறங்கும். உங்கள் லைஃப் பூஜ்யம். உங்களுடையது இறங்கும் நேரத்தில் நீங்கள் ஆட்டத்தில் இல்லை. "தன் டர்னில் தானே தோற்பதா?" என்று தோன்றும். ஆம், அதனால்தான் அந்த நிலையில் தன் டர்னில் எதையும் சாகவிடக் கூடாது என்று தெரிந்தவர் பொறுமையாக இருப்பார். ஓட்டெடுத்தால் அந்தப் பொறுமைக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும்.

இரண்டாவது வகை, ஒரே நிகழ்ச்சியில் இரண்டு குறுக்கீடுகள். இங்கே விதி எழுதியவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. பாதிக்கப்படுபவரே வரிசையைத் தீர்மானிக்கட்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கார்டைப் போட்டவருக்கும் டர்ன்காரருக்கும் அந்த உரிமை கிடையாது. நிகழ்ச்சி யார்மேல் விழுகிறதோ அவருக்கு. ஒரு பொருளின்மேல் விழுந்தால் அந்தப் பொருளைக் கையாள்பவருக்கு.

உங்களிடம் ஹார்டன்ட் ஸ்கேல்ஸ் இருக்கிறது: உங்கள் கிரீச்சரில் பிளஸ் ஒன்று கவுண்டர் வைக்கும்போது ஒன்று கூடுதலாக வைக்கும். டபுளிங் சீசனும் இருக்கிறது: கவுண்டரை இரட்டிப்பாக்கும். ஒரு கவுண்டர் வருகிறது. முதலில் இரட்டித்துப் பிறகு கூட்டினால் மூன்று. முதலில் கூட்டிப் பிறகு இரட்டித்தால் நான்கு. வரிசை உங்கள் கையில், எனவே நான்கு. "சீசன்தானே முதலில் மேசைக்கு வந்தது?" என்ற கேள்வி இங்கே செல்லாது. எது எப்போது வந்தது என்பதற்கு இந்த வகையில் வேலையே இல்லை.

இது சண்டையாக மாறுவது எதிராளியின் கார்டு நுழையும்போது. அவரிடம் வொரின்க்ளெக்ஸ், மான்ஸ்ட்ரஸ் ரெய்டர். ஆறு மனா, ஆறுக்கு ஆறு, எதிராளிகள் வைக்கும் கவுண்டர்களைப் பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழ்நோக்கி முழுமையாக்கும். உங்களிடம் ஒரே ஒரு மனா விலையுள்ள ஹார்டன்ட் ஸ்கேல்ஸ். ஒரு கவுண்டர் வைக்கிறீர்கள். பாதியாக்கல் முதலில் என்றால் ஒன்றில் பாதி, கீழ்நோக்கிப் பூஜ்யம். கூட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. கூட்டல் முதலில் என்றால் இரண்டு, அதில் பாதி ஒன்று. கிரீச்சர் உங்களுடையது, ஆகவே முடிவும் உங்களுடையது. அந்த ஒரு கவுண்டர் வந்தே தீரும். வொரின்க்ளெக்ஸ்காரர் முகம் சுளிப்பார். மேசையில் மிகப் பெரியது தன் கார்டு என்பார். இருக்கட்டும். இந்த ஆட்டத்தில் மனா விலைக்கு வாதத்தில் எடை கிடையாது.

அடியைத் தாங்குவதிலும் இதே கதைதான். ஃபர்னஸ் ஆஃப் ராத் மேசையில் இருந்தால் எல்லா அடியும் இரட்டிப்பு. உங்கள்மேல் லைட்னிங் போல்ட் வருகிறது, மூன்று. அடுத்த மூன்று அடியைத் தடுக்கும் ஹீலிங் ஸால்வை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறீர்கள். தடுப்பை முதலில் வையுங்கள்; இரட்டிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. போல்ட் போட்டவர் "முதலில் இரட்டிக்கும், ஆறில் மூன்று போக மூன்று வாங்கு" என்று கணக்குச் சொல்வார். அவருக்குக் கணக்கு வரும்; உரிமைதான் இல்லை.

இனி மூன்றாவது. ஓட்டெடுப்புகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ப்ளட் மூன், மூன்று மனா சிவப்பு என்சான்ட்மெண்ட். அடிப்படை அல்லாத லேண்டுகள் எல்லாம் மௌண்டன் என்கிறது. அப்படி மௌண்டனாகும் லேண்ட் தன்மேல் அச்சிட்ட திறன்களையும் இழந்து, சிவப்பு மனா மட்டும் தரும். உர்போர்க், டூம் ஆஃப் யாக்மாத் ஒரு லேண்ட். ஒவ்வொரு லேண்டும் தன் வகையோடு சேர்த்து ஸ்வாம்ப்பும் ஆகும் என்கிறது. இரண்டும் மேசையில் இருந்தால்?

நம் மேசையில் கேட்ட வாதங்கள் இரண்டு. உர்போர்க் பின்னால் வந்தது, பின்னால் வந்தது செல்லும் என்பது ஒன்று. உர்போர்க் எதையும் எடுக்கவில்லை, கூட்டத்தானே செய்கிறது, ஆகவே லேண்டுகள் மௌண்டனாகவும் ஸ்வாம்ப்பாகவும் இருக்கட்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது வாதம் கேட்க இனிமையாக இருக்கும், ஏனென்றால் எல்லோருக்கும் ஏதோ கிடைக்கிறது. ஓட்டுக்கு விட்டால் அதுதான் ஜெயிக்கும். ஆனால் இரண்டுமே தவறு.

ஒரு பொருள் என்னவாக இருக்கிறது என்பதைக் கணக்கிட மேஜிக் அதைப் படிப்படியாகப் பார்க்கிறது. அந்தப் படிகளுக்கு லேயர் என்று பெயர், மொத்தம் ஏழு. நகல் முதலில், பிறகு யார் கையில் இருக்கிறது, பிறகு எழுத்து மாற்றம், பிறகு வகை, பிறகு நிறம், பிறகு திறன்கள், கடைசியில் பலமும் தாங்குதிறனும். வெவ்வேறு லேயரில் இருப்பவை மோதினால் எது முன்னே வந்தது என்று பார்க்கத் தேவையில்லை. லேயர் வரிசையே போதும். ஒரே லேயருக்குள் மோதினால்தான் பொதுவாக முன்னே வந்தது முன்னே, பின்னே வந்தது பின்னே. அதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஒன்றைச் செயல்படுத்திப் பார்த்தால் மற்றது இருப்பதோ, அது எதைத் தொடும் என்பதோ, அது என்ன செய்யும் என்பதோ மாறுமானால், மாறக்கூடியது காத்திருக்க வேண்டும். முதலில் மற்றது நடக்கட்டும்.

ப்ளட் மூனும் உர்போர்க்கும் ஒரே லேயரில், வகை லேயரில் இருக்கின்றன. ப்ளட் மூனைச் செயல்படுத்திப் பாருங்கள்: உர்போர்க்கும் அடிப்படை அல்லாத லேண்ட்தான், அது மௌண்டனாகிவிடும், திறன் போய்விடும். ஸ்வாம்ப் என்று சொல்ல ஆளே இல்லை. திருப்பிப் பாருங்கள்: உர்போர்க்கை முதலில் செயல்படுத்தினாலும் ப்ளட் மூனுக்கு எதுவும் ஆவதில்லை. ஆகவே உர்போர்க் காத்திருக்க வேண்டும். காத்திருந்து, தன் முறை வருமுன்பே ஊமையாகிவிடும். எது எப்போது வந்திருந்தாலும் விடை ஒன்றே. உங்கள் பிளெய்ன்ஸ், ஐலண்ட்கூட ஸ்வாம்ப் ஆகாது.

இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் "ப்ளட் மூன் எப்போதும் ஜெயிக்கும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டிரையாட் ஆஃப் தி இலிசியன் குரோவ் என்ற கிரீச்சர் உங்கள் லேண்டுகளை ஐந்து அடிப்படை வகைகளாகவும் ஆக்கும். உர்போர்க் செய்வதன் விரிவுதானே இது? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் டிரையாட் ஒரு லேண்ட் இல்லை. ப்ளட் மூனால் அதைத் தொட முடியாது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லாததால், இங்கே வந்த வரிசை உயிர்பெறுகிறது. டிரையாட் பின்னால் வந்திருந்தால் உங்கள் லேண்டுகள் ஐந்து நிறமும் தரும். ப்ளட் மூன் பின்னால் வந்திருந்தால் அடிப்படை அல்லாதவை வெறும் மௌண்டன். வாசகத்தில் இத்தனை ஒத்த இரண்டு கார்டுகள், ஒன்றில் நேரத்துக்கு வேலையில்லை, மற்றதில் நேரமே எல்லாம். உள்ளுணர்வால் இதைப் பிடிக்க முடியாது. நான்கு பேரின் உள்ளுணர்வைக் கூட்டினாலும் முடியாது.

இலக்கணம் படித்தவர்களுக்கு இதெல்லாம் அவ்வளவு அந்நியமாகப் படாது. பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் என்று நம் உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். பாணினியில் சம வலிமையுள்ள இரு விதிகள் மோதினால் பின்னுள்ளது செல்லும் என்று ஒரு சூத்திரமே உண்டு. அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று நூற்றாண்டுக் கணக்கில் வாதம் நடந்திருக்கிறது. அவர்களும் ஓட்டெடுக்கவில்லை.

ஹியூமிலிட்டியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். 1997-இல் வந்தது: எல்லாக் கிரீச்சரும் எல்லாத் திறனையும் இழந்து ஒன்றுக்கு ஒன்று ஆகும். எளிய பக்கத்தை முதலில் பார்ப்போம். உங்கள் கிரீச்சருக்கு ஜயண்ட் குரோத் போட்டு, பலத்திலும் தாங்குதிறனிலும் மூன்று மூன்று கூட்டியிருக்கிறீர்கள். அதே டர்னில் எப்படியோ ஹியூமிலிட்டி வந்துவிடுகிறது. "பின்னால் வந்த ஹியூமிலிட்டி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டது" என்பார்கள். இல்லை. ஏழாவது லேயருக்குள்ளேயே அடிப்படை எண்ணை நிர்ணயிப்பது முன்னே, அதோடு கூட்டுவது பின்னே. அது நாலுக்கு நாலு.

கடினமான பக்கம் 1999-இல் ஓபலெசன்ஸ் வந்தபோது தொடங்கியது. அது மற்ற என்சான்ட்மெண்ட்களைக் கிரீச்சராக்கி, மனா விலையையே பலமாகவும் தாங்குதிறனாகவும் கொடுக்கும். ஆராக்களுக்கு மட்டும் விலக்கு. ஹியூமிலிட்டியும் ஒரு என்சான்ட்மெண்ட். ஆகவே அது கிரீச்சராகிறது. கிரீச்சரானதால் தன் திறனைத் தானே பறித்துக்கொள்கிறது. அப்படியானால் எல்லோரையும் ஒன்றுக்கு ஒன்றாக்குவது யார்? அந்த ஹியூமிலிட்டிதான். ஒரு விளைவு ஏதாவது ஒரு லேயரில் செயல்படத் தொடங்கிவிட்டால், அதைப் பிறப்பித்த திறன் நடுவில் பறிபோனாலும் அடுத்த லேயர்களிலும் அது தொடரும். ஆறாவது லேயரில் தன் நாக்கைத் தானே அறுத்துக்கொண்ட பிறகும் ஏழாவதில் அது பேசுகிறது. அங்கே ஓபலெசன்ஸோடு மோதல், அங்கே மட்டும் நேரம் பார்க்க வேண்டும்: ஓபலெசன்ஸ் பின்னால் வந்திருந்தால் ஹியூமிலிட்டி நாலுக்கு நாலு, முன்னால் வந்திருந்தால் ஒன்றுக்கு ஒன்று. இது அழகான விடை என்று நான் சொல்லவரவில்லை. அசிங்கமானது, மேசையில் விளக்கினால் தேநீர் ஆறிவிடும். ஆனாலும் விடை.

"பொழுதுபோக்குக்கு ஆடுகிறோம், இத்தனை யார் தெரிந்துகொள்வது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். கணினியில் அரீனா ஆடிப் பழகியவர்களிடம் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. அங்கே ட்ரிக்கர்களை நிரல் தானே அடுக்கிவிடும், லேயரை அதுவே கணக்கிடும். விடை மட்டும் கண்ணில் படும், வழி படாது. அட்டையைக் கையில் எடுத்தவுடன் நாமே அந்த நிரலாக வேண்டியிருக்கிறது. முழுதாக ஆக வேண்டாம். மோதல் எந்த வகை என்று கண்டுகொண்டால் முக்கால்வாசி முடிந்தது. மீதிக்குப் போன் இருக்கிறது. மேஜிக்கின் கேதரர் தளத்தில் கார்டின் பெயரைத் தேடினால் அதன் இன்றைய அதிகாரபூர்வ வாசகமான ஆரக்கிள் வாசகம் வரும், கீழே தெளிவுரைகளும் இருக்கும். நீங்கள் கையில் வைத்திருப்பது முப்பது வருடப் பழைய அச்சானாலும், ஜப்பானிய மொழிக் கார்டானாலும் செல்லுபடியாவது ஆரக்கிள் வாசகம்தான். "என் கார்டில் அப்படிப் போடவில்லையே" என்பதற்கு அங்கேயே முற்றுப்புள்ளி.

கமாண்டருக்கென்று ரூல் ஜீரோ இருக்கிறதே, குழு சேர்ந்து விதியை மாற்றிக்கொள்ளலாமே என்றும் சிலர் வாதிடுகிறார்கள். தாராளமாக. ஆனால் அது டெக்கைக் கலைக்கும் முன் நடக்கும் பேச்சு. யாருக்கு என்ன கார்டு வரும் என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. அப்போது உயரும் கையில் சுயநலத்துக்கு இடம் குறைவு. ப்ளட் மூன் பிடிக்கவில்லையா, அப்போதே சொல்லுங்கள். லேண்ட் எல்லாம் சிவந்த பிறகு உர்போர்க்கைக் காட்டி ஓட்டுக் கேட்பது ரூல் ஜீரோ ஆகாது.

போட்டி அரங்கில் இருந்தால் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடலாம், அவர் சொன்னதில் திருப்தி இல்லையென்றால் தலைமை ஜட்ஜிடம் போகலாம், அத்தோடு முடிந்தது. நமக்கு ஜட்ஜ் இல்லை. சில நாள் போனில் சிக்னலும் இருக்காது, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நிற்பார். அப்போது என்ன செய்வது? ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டுங்கள். அதற்கு யார் முன்னிலையில் இருக்கிறார் என்று தெரியாது. சுண்டி, அந்த ஆட்டத்தை அப்படியே முடியுங்கள். சரியான விடையைத் தேடிப்பிடித்து அடுத்த வாரம் எல்லோருக்கும் சொல்வது பூவா தலையாவில் வென்றவரின் வேலை.

அன்புடன்,
உங்களில் ஒருவன்